கோஸியோன் என்றால் ஜாக்கிரதை அல்ல

பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலீஷில் கோப்பு எழுதிப் பிழைத்த என்னைப் போன்ற புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. இரண்டு மொழியிலும் சொல்லின் எழுத்து ஒன்றாகவே இருக்கும், பொருள் மட்டும் எங்கோ போய்விடும். டிரான்ஸ்பார்மர் வேலியில் மண்டை ஓட்டுப் படத்தின் கீழே இங்கிலீஷில் 'காஷன்' என்று எழுதியிருப்பார்கள். ஜாக்கிரதை என்று அர்த்தம். அதே எழுத்துகளைப் பிரெஞ்சில் 'கோஸியோன்' என்று படிக்க வேண்டும். அதற்குப் பொருள் ஜாமீன். ஜாமீன் நிற்கும் ஆளையும் அப்படித்தான் சொல்வார்கள், ஜாமீனாகக் கட்டும் பணத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். பேத்தியைக் கல்லூரியில் சேர்த்தபோது 'காஷன் டெபாசிட்' என்று ஒரு தொகை கட்டச் சொன்னார்கள். ஜாக்கிரதைக்கு எதற்குப் பணம் என்று அவள் கேட்டாள். இந்தச் சொல்லுக்கு ஜாமீன் என்ற பழைய பொருளும் உண்டு என்று அவளுக்கு விளக்கினேன்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் காலை நடை முடிந்து உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி. "இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு லைசென்ஸ் கொடுக்கிறார்களே, அவன் பணத்தைத் தின்றுவிட்டால் லைசென்ஸ் கொடுத்தவன்தானே பொறுப்பு?" கூட இருந்த நாலு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் இல்லை என்றேன். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. அன்று பாதியில் நின்ற பேச்சை இங்கே முடித்துவிடுகிறேன்.

ஜாமீன் என்பதே பலருக்குச் சரியாகப் புரிவதில்லை. 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டம் 1819இல் புதுச்சேரிக்கு வந்தது. அதில் ஜாமீனுக்கென்றே தனி அதிகாரம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி சாதாரண ஜாமீன்தாரருக்கு ஒரு சலுகை உண்டு. 'முதலில் கடன் வாங்கியவன் சொத்தைப் போய்ப் பார், அதில் வசூலாகாவிட்டால் என்னிடம் வா' என்று கடன் கொடுத்தவனைத் திருப்பி அனுப்பலாம். இதற்கு 'பெனெஃபிஸ் த திஸ்குஸியோன்' என்று பெயர். ஆனால் பத்திரத்தில் 'ஸொலிதேர்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் அந்தச் சலுகை போயிற்று. கடன்காரனுக்கும் ஜாமீன்தாரருக்கும் வித்தியாசம் கிடையாது, நேரே ஜாமீன்தாரர் வீட்டுக் கதவைத் தட்டலாம். நொத்தேர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்திரம் எழுதிய காலத்தில், அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டு வீட்டை விற்றவர்கள் கதையை என் அப்பா நிறையச் சொல்வார்.

இந்தியச் சட்டம் இன்னும் கண்டிப்பு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கடன்காரனுக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் அவனிடம் போ என்று சொல்ல இடமில்லை. பிரெஞ்சில் ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் வரும் ஆபத்து, இங்கே எதையும் சேர்க்காமலே வந்துவிடும். மருமகனுக்கு, மச்சானுக்கு என்று வங்கியில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எனக்கு ஜாமீன் பற்றிய முதல் பாடம் புத்தகத்திலிருந்து வரவில்லை, உத்தியோகத்திலிருந்து வந்தது. அரசாங்க வேலையில் சேர்ந்து சில வருஷம் கழித்து என்னைக் கேஷியர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாதக் கடைசியில் கருவூலத்திலிருந்து சம்பளப் பணத்தை எடுத்துவந்து, இரும்புப் பெட்டியில் வைத்து, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கி, ஆளுக்கு ஆள் எண்ணிக் கொடுத்த காலம். சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் ஜாமீன் கேட்டார்கள். ரொக்கமோ சரக்கோ கையாளும் அரசு ஊழியர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது பொது நிதி விதி. ரொக்கமாகக் கட்டலாம், அல்லது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் 'பிடலிட்டி பாண்டு' வாங்கிக் கொடுக்கலாம். நாணயத்துக்கு ஜாமீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு இரண்டாவது வழிதான் தோதுப்பட்டது. வருஷா வருஷம் பிரீமியம் என் கைக்காசு. ரசீதை மேலதிகாரியிடம் காட்டி, பதிவேட்டில் குறித்து வாங்க வேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் சாவியைத் திருப்பிக் கேட்பார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் அடிக்கடி சொல்வார், "உனக்கென்னப்பா, இன்சூரன்ஸ் இருக்கு, பெட்டியில் பணம் குறைந்தால் கம்பெனி கொடுத்துவிடும்." அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் நிறையப் பேர் உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறார்கள். பிரீமியம் கட்டுகிறவன் நான், ஆனால் அந்தப் பத்திரம் எனக்காக இல்லை. நான் மோசம் செய்தால் கம்பெனி அரசாங்கத்துக்குப் பணம் கொடுக்கும், பிறகு என்னைத் தேடி வந்து வசூலிக்கும். வீட்டுக்குத் தீக் காப்பீடு எடுத்தால் வீடு எரிந்தவனுக்குப் பணம் வரும். ஜாமீன் பத்திரத்தில் காசு கட்டினவனுக்குச் சல்லிக்காசு வராது, அவனை நம்பினவனுக்குத்தான் வரும். இங்கே எப்போதும் மூன்று பேர் இருக்கிறார்கள்: உத்தரவாதம் கொடுக்க வேண்டியவன், அவனை நம்புகிறவன், நடுவில் பெரிய மடியோடு நிற்கும் ஒரு மூன்றாம் ஆள்.

இன்சூரன்ஸ் விற்கிறவர்களுக்கே இப்படி ஜாமீன் கேட்கும் தேசங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் இன்சூரன்ஸ் புரோக்கராக வேலை பார்க்க 10,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் கொடுக்க வேண்டும். பிரான்சில் நடப்பதை என் தங்கை மகன் மூலம் தெரிந்துகொண்டேன். அவன் பாரிசுக்குப் பக்கத்தில் இன்சூரன்ஸ் 'கூர்த்தியே', அதாவது தரகர். வாடிக்கையாளர் பணம் அவன் கைவழியாகப் போவதாக இருந்தால் 'கராந்தி ஃபினான்ஸியேர்' என்ற நிதி உத்தரவாதம் ஒன்றை வங்கியிடமோ இன்சூரன்ஸ் கம்பெனியிடமோ வாங்கி வைத்திருக்க வேண்டும். குறைந்தது 1,15,000 யூரோ. அதோடு, மாதம் சராசரியாக எவ்வளவு பணம் கைக்கு வருகிறதோ அதில் இரண்டு மடங்குக்குக் குறையவும் கூடாது. தரகர்கள் பெயரெல்லாம் 'ஓரியாஸ்' என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கும். யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் பார்க்கலாம்.

"ஒரு வழி இருக்கு மாமா," என்றான் அவன். "வாடிக்கையாளர் செக்கை நேரா கம்பெனி பேருக்கே எழுதிட்டா எனக்கு இந்த உத்தரவாதமே வேண்டாம். இல்லேன்னா கம்பெனி, 'எங்களுக்காக நீ பணம் வாங்கலாம்'னு எழுத்துல கொடுக்கணும். அப்பவும் வேண்டாம்." எனக்கு இது பிடித்திருந்தது. பிரெஞ்சுக்காரன் காகிதப் பைத்தியம் என்று நாமெல்லாம் கேலி செய்வோம். இந்த இடத்தில் அந்தப் பைத்தியத்துக்கு அர்த்தம் இருக்கிறது. பணம் வழியில் யார் கையில் தங்குகிறது, தங்கும் நேரத்தில் அதற்கு யார் பொறுப்பு என்பதற்கு அங்கே எழுத்தில் பதில் இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே தரகர் வேறு, ஏஜெண்ட் வேறு. தரகர் என்பது கம்பெனி வைத்து நடத்துகிற பெரிய தொழில். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி நேரடித் தரகு நிறுவனத்துக்கு 75 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும், 10 லட்சம் ரூபாயை வங்கியில் வைப்பாகப் போட வேண்டும், தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் எடுக்க வேண்டும். நம் தெருவில் பையோடு வருகிறவர் தரகர் இல்லை, ஏஜெண்ட். அவர் பரீட்சை எழுதித் தேற வேண்டும். ஆனால் ஜாமீன் என்று ஒரு ரூபாய்கூட அவரிடம் சட்டம் கேட்பதில்லை.

அப்படியானால் சட்டம் என்ன செய்கிறது? 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு, ஏஜெண்ட் கம்பெனிக்காகப் பிரீமியம் வாங்கினால் 24 மணி நேரத்துக்குள், வங்கி, தபால் விடுமுறை போக, கம்பெனியில் கட்டிவிட வேண்டும் என்கிறது. தன் கமிஷனைக்கூடக் கழித்துக்கொள்ளக் கூடாது, முழுத் தொகையும் போக வேண்டும். நல்ல விதி. ஆனால் கம்பெனிக்காக வாங்கினாரா, உங்களுக்காக வாங்கினாரா என்பதுதான் வழக்காகிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் 1972ஆம் ஆண்டு முகவர் விதிகள், முகவருக்குப் பணம் வசூலிக்கும் அதிகாரம் கிடையாது என்று சொல்லிவிட்டன.

இதன் விளைவு 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தெரியும். ஒருவர் 25,000 ரூபாய் வீதம் நாலு பாலிசி எடுத்திருந்தார். தவணை தவறியது. ஏஜெண்ட் 1987 ஜூனில் அவரிடம் பேரர் செக் வாங்கிக்கொண்டு போனார். செக் மறுநாளே பணமாகிவிட்டது. ஆனால் கழகத்தில் கட்டியது ஆகஸ்ட் 10ஆம் தேதி. பாலிசிதாரர் அதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 9ஆம் தேதி, விபத்தில் இறந்துவிட்டார். ஏஜெண்டுக்குப் பணம் வாங்க அதிகாரம் இல்லை, அவரிடம் கொடுத்தது கழகத்துக்குக் கொடுத்தது ஆகாது, அதனால் பாலிசி காலாவதி என்று நீதிமன்றம் சொன்னது. விதியைப் படித்தால் தீர்ப்பு சரிதான். அந்த விதி அரசிதழில் வெளியானது என்றும் சொன்னார்கள். அரசிதழைப் படித்துவிட்டு ஏஜெண்டிடம் பணம் கொடுக்கிற ஆளை நாற்பது வருஷத்தில் நான் ஒருவரையும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அரசிதழை வாங்கி அடுக்கி வைத்ததே நாங்கள்தான்.

எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு அம்மாவுக்கும் இதுதான் நடந்தது. வீட்டுக்காரர் பெயரில் பாலிசி, எடுத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜெண்ட் கடைக்கே வருவார். கல்லாவிலிருந்து பணத்தை எண்ணி வாங்கி, சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். ரசீது 'அடுத்த தடவை'. மூன்று தவணை இப்படிப் போயிற்று. ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் மனிதர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால், மூன்று தவணையும் கட்டப்படவில்லை என்கிறார்கள். ஏஜெண்ட் ஊரிலேயே இல்லை. 'எங்கள் முகவருக்குப் பணம் பெறும் அதிகாரம் இல்லை' என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அதைப் படித்துச் சொன்னது நான்தான். "அண்ணே, அந்த ஆளு நோட்டுல எழுதினதை என் கண்ணால பார்த்தேனே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பைசா வரவில்லை. கடை ஒரு வருஷத்தில் கை மாறியது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்தேன். எங்கள் அலுவலகத்திலிருந்து காரைக்காலுக்கு மாற்றலாகிப் போன ஓட்டுநர் ஒருவர், சம்பளத்தில் பிடித்தம் செய்து இன்சூரன்ஸ் கட்டும் திட்டத்தில் இருந்தார். மாதா மாதம் சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டியிருக்கிறது. புது அலுவலகத்திலிருந்து ஷெட்யூலும் பணமும் போய்ச் சேரவில்லை. ஏழாவது மாதம் அவர் காலமானார். மனைவி சம்பளச் சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, எங்களிடம்தான் நியாயம் கிடைக்கும் என்று பழைய அலுவலகத்துக்கு வந்தார். "சார், எங்க பணம்தானே சார் பிடிச்சது?" என்பதைத் தவிர அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நண்பர் மகன் ஒருவன் 1999ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தான். டெல்லி மின்வாரிய ஊழியர் ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கு அது. அங்கும் சம்பளத்தில் பிடித்தார்கள், கட்டவில்லை. வசூலித்துக் கட்டும் வேலையை முதலாளியிடம் ஒப்படைத்தது ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதனால் ஊழியரைப் பொறுத்தவரை முதலாளிதான் கழகத்தின் முகவர், அவர் செய்த பிழைக்காகக் கழகம் பணத்தை மறுக்க முடியாது என்று தீர்ப்பு. அதை மேற்கோள் காட்டி மனு எழுதிக் கொடுத்தேன். நாலு நினைவூட்டல் எழுதினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஆனால் பணம் வந்தது.

இரண்டு பெண்களும் செய்தது ஒன்றேதான். கம்பெனிக்காக வசூலிக்கிறவர் என்று நம்பிப் பணத்தை விட்டார்கள். ஒருவருடைய நம்பிக்கைக்குப் பின்னால் நிற்க ஆள் இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. ஏஜெண்டுகளுக்குச் சின்னதாக ஒரு ஜாமீன் பத்திரம் கட்டாயமாக இருந்திருந்தால் அந்த மளிகைக்கடை அம்மாவுக்குப் பாலிசித் தொகை வந்திருக்குமா என்றால், முழுதாக வந்திருக்காது. கொடுத்த மூன்று தவணையாவது திரும்பியிருக்கும். அதைவிட முக்கியம், ஜாமீன் கொடுக்கிற கம்பெனி, ஆளை விசாரிக்காமல் பத்திரம் எழுதாது. எனக்கு எழுதுவதற்கு முன் என் பூர்வோத்தரம் எல்லாம் கேட்டார்கள். பூட்டிய பெட்டிக்குப் பக்கத்தில், மேலதிகாரி கண் முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் ஜாமீன் கேட்ட சர்க்கார், தெருத்தெருவாகத் தனியாகப் போய் வசூலிக்கிறவரிடம் கேட்கவில்லை. இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தங்கை மகனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஜாமீன் செலவு கடைசியில் வாடிக்கையாளர் தலையில்தான் விழும், பணத்தை நேரே கம்பெனிக்கே அனுப்பிவிட்டால் ஜாமீனே தேவையில்லை என்கிறான். சின்ன வயது, போனிலேயே எல்லாம் முடிகிறது அவனுக்கு. முழங்கால் வலியோடு கிளை அலுவலகத்தின் மாடி ஏற முடியாதவர்கள், எழுத்துப் பெரிதாகத் தெரியாதவர்கள், வீட்டுக்கு வருகிற ஆளிடம்தானே கொடுப்பார்கள்?

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஏஜெண்டை நியமிப்பது கம்பெனியே. அவர் செய்வதற்கும் செய்யத் தவறுவதற்கும் கம்பெனி பொறுப்பு, ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு என்று எழுதியிருக்கிறது. இது ஜாமீனுக்கு ஓரளவு பதில். ஆனாலும் பணம் கைமாறியதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் எந்தப் பிரிவும் உதவாது. ஆயுள் காப்பீட்டுக் கழகமே சில முகவர்களுக்குப் பிரீமியம் வாங்க அனுமதி கொடுத்திருக்கிறது. அவர்கள் கம்ப்யூட்டர் ரசீதை அங்கேயே கொடுத்துவிடுவார்கள். ரசீது உடனே கையில் வந்தால் கவலையில்லை. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். செக் என்றால் கம்பெனி பெயரில், பாலிசி எண்ணைப் பின்னால் எழுதி, குறுக்குக் கோடு போட்டுக் கொடுங்கள். ஏஜெண்ட் பெயரிலும் வேண்டாம், பேரர் செக்கும் வேண்டாம். சம்பளப் பிடித்தத்தில் இருக்கிற பிள்ளைகளிடம் சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் வைக்கச் சொல்லுங்கள், மாற்றலுக்குப் பிறகு முதல் மூன்று மாதம் பணம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். உங்கள் கைபேசி எண் பாலிசியில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்குப் பத்து வருஷத்துக்கு முந்தைய எண்தான் இருக்கிறது.

மளிகைக்கடை அம்மாவின் மகன் இப்போது சேதராப்பட்டில் வேலை பார்க்கிறான். அவனும் பாலிசி எடுத்திருக்கிறான். தவணை கட்டிய அன்றே ரசீதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். அவன் அம்மாவின் உத்தரவு. நான் பாலிசி எண், தேதி, தொகை மூன்றையும் பார்த்துவிட்டு 'வ்யூ' என்று பதில் போடுவேன். அந்தக் காலத்துப் பிரெஞ்சு அலுவலகங்களில், பார்த்தாயிற்று என்பதற்குக் கோப்பின் ஓரத்தில் எழுதும் சொல் அது. அவன் அதை ஏதோ வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கும்பிடு போடுகிற பொம்மை ஒன்றை அனுப்புகிறான்.